வலப்பக்கச் செங்கல்

என் வீட்டுக்காரர் கோணலைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டார். டீக்கடையில் மேஜை ஆடினால், டீ ஆறிப்போனாலும் பரவாயில்லை என்று குனிந்து உட்கார்ந்து, அட்டையை மடித்து அதன் காலுக்கடியில் செருகிவிட்டுத்தான் குடிப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைப் பார்ப்பார், பிறகுதான் ஆளைப் பார்ப்பார். கொத்தனார் வேலை. எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்பு அவரிடம் சித்தாளாகக் கலவை சுமந்தவள் என்பதால் நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். என்னிடம் என்ன பிடித்தது என்று ஒருமுறை கேட்டேன். "தலையில சட்டி இருந்தா ஒரு பக்கமும் சாயாம நடப்ப" என்றார். மற்ற பெண்களுக்குக் கண்ணழகு, சிரிப்பழகு என்று சொல்வார்களாம். எனக்கு வாய்த்தது இது.

எட்டாம் மாதம் முடியப் போகிற சமயம். நான் வேலையை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது. தெருமுனைக் கடையில் சோப்பு வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஒரு தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்தது. வண்டியில் கண்ணாடி எதற்கு வைத்திருக்கிறார்கள் என்று அதை ஓட்டிய புண்ணியவானுக்குத் தெரியாது போல. வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு ஒதுங்கினேன். வயிறு தப்பித்தது, வலது தொடை தப்பிக்கவில்லை. எலும்பு ஒடிந்த சத்தம் என் காதிலேயே விழுந்தது. ஆஸ்பத்திரியில் குழந்தையின் துடிப்பைக் கேட்டுவிட்டு நர்ஸ் தலையாட்டியபோது என் நாத்தனார், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று சொல்லிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

நாத்தனார் என்றால் மேஸ்திரியின் அக்கா. நானும் அக்கா என்றே கூப்பிடுவேன். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தம்பிதான் அவளுக்கு எல்லாம். என் வயிறு தெரிய ஆரம்பித்த நாளிலிருந்து ஒரே வேண்டுதல் அவளுக்கு. "மூக்கு என் தம்பி மூக்கா இருக்கட்டும். வாய் மட்டும் உன் வாயா வந்துடக் கூடாது." நானும் விட மாட்டேன். "உங்க தம்பி புத்தி வந்தா பரவாயில்லையாக்கா? தொட்டில் கோணலா இருக்குன்னு இறங்கி வந்து சரிபண்ணுமே" என்பேன்.

என்னை எலும்பு வார்டில் போட்டார்கள். பிரசவ வார்டில் எடை தொங்கவிடும் கட்டில் கிடையாது. எலும்பு வார்டிலோ அதுவரை ஒரு வயிற்றுப்பிள்ளைக்காரி படுத்தது கிடையாது. அங்கே தொடை ஒடிந்தவர்களுக்கெல்லாம் ஒரே வைத்தியம்தான். காலில் பட்டை சுற்றி, கயிறு கட்டி, அதைக் கப்பி வழியாக ஓட்டி, கட்டிலுக்கு வெளியே எடையைத் தொங்கவிடுவார்கள். எடை ஆளையே கீழே இழுத்துவிடக் கூடாது என்பதற்காகக் கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்துவார்கள். அந்தப் பெண்கள் வார்டில் ஜன்னல் ஓரமாக வரிசையாகக் கட்டில்கள், பாதிக்கு மேல் கால்மாட்டில் செங்கல். "குழந்தை பொறக்கட்டும், அப்புறம் காலுக்கு ஆபரேஷன்" என்றார் எலும்பு டாக்டர். அதுவரை மல்லாந்தே கிடக்க வேண்டும், புரளக் கூடாது.

முதல் நாளே எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மல்லாந்து கொஞ்ச நேரம் ஆனால் மூச்சு முட்டும், கண் இருட்டும், நெற்றியில் வேர்வை கொட்டும். சிஸ்டரிடம் சொன்னேன். "வலியில அப்படித்தாம்மா இருக்கும்" என்றாள். மறுநாளும் சொன்னேன். "மாசமா இருக்கறவளுக்கு மயக்கம் வராம பின்ன என்ன வரும்?" என்றாள். அதற்கு மறுநாள் நான் சொல்லவில்லை, கத்தினேன். "நான் செத்த பிறகு வந்து மாத்திரை குடுப்பீங்களா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தியதில்தான் பிரசவ டாக்டர் வந்தாள்.

குள்ளமான பெண், வேகமாகப் பேசினாள், ஸ்கேன் மெஷினைத் தானே தள்ளிக்கொண்டு வந்தாள். வயிற்றில் பசையைத் தடவித் திரையை என் பக்கம் திருப்பினாள். "இது உங்க குழந்தைக்குப் போற ரத்தம், பாருங்க." திரையில் சின்னச் சின்ன மேடுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பிறகு சிஸ்டரைக் கூப்பிட்டு, என் முதுகுக்கும் வலது இடுப்புக்கும் கீழே கையைக் கொடுத்து, ஒடிந்த காலோடு சேர்த்துப் பலகை மாதிரி என்னை இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கச் சொன்னாள். சற்று நேரத்தில் மேடுகள் உயர்ந்தன. சத்தம்கூடக் கனத்தது.

"புரியுதா? இந்த மாசத்துல வயிறு நல்ல கனம். மல்லாந்து படுத்தா அந்தக் கனம் மொத்தமும் முதுகெலும்பு பக்கத்துல ஓடுற ஒரு பெரிய ரத்தக் குழாய் மேல போய் உக்காரும். கால்லேருந்து இதயத்துக்குத் திரும்பற ரத்தம் அது வழியாத்தான் போகணும். குழாய் நசுங்கினா இதயத்துக்கு வர்ற ரத்தம் குறையும். வர்றது குறைஞ்சா, குழந்தைக்கு அனுப்பறதும் குறையும். அதான் உங்களுக்குக் கண்ணு இருட்டுது."

"ஹோஸ் பைப் மேல கலவைச் சட்டியை வச்ச மாதிரி" என்றேன்.

"அதேதான். குழாய் கொஞ்சம் வலப்பக்கமா ஓடுது. இடது பக்கம் சாய்ஞ்சா அது மேலேருந்து கனம் இறங்கிடும்." அவள் பசையைத் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "மத்தவங்க கொஞ்ச நேரம் மல்லாந்துட்டா பெருசா ஒண்ணும் ஆகாது. உங்க குழந்தை எடை கம்மி. இப்பவே அதுக்குப் போற ரத்தம் அளவாத்தான் இருக்கு. அது தாங்காதும்மா."

அதன் பிறகு என் கட்டிலின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றுகொண்டு இரண்டு டாக்டர்களும் சண்டை போட்டார்கள். திருப்பிப் படுக்க வைத்தால் எலும்பு விலகிவிடும் என்றார் இவர். படுக்க வைக்காவிட்டால் குழந்தைக்கு ஆபத்து என்றாள் அவள். ஆடு வெட்டுகிற இடத்தில் ஆட்டிடம் யார் கேட்பார்கள், நான் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கடைசியில் அவள்தான் சொன்னாள். "ஆளைத் திருப்ப வேண்டாம். கட்டிலையே திருப்புவோம்."

கால்மாட்டுச் செங்கல்களை எடுத்து, கட்டிலின் வலது பக்கக் கால்கள் இரண்டுக்கும் கீழே அடுக்கினார்கள். கட்டில் இடப்பக்கமாகச் சாய்ந்தது. நான் சறுக்காமல் இருக்க இடுப்பில் ஒரு துணிப்பட்டையைக் கட்டி, இடது கம்பியோரம் தலையணையைத் திணித்தார்கள். பார்க்கக் கேவலமாக இருந்தது, பள்ளத்தில் இறங்கிய வண்டி மாதிரி. ஆனால் எனக்கு மூச்சு வந்தது. மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த என் மூச்சு எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் குழந்தை உதைத்தது, நன்றாக உதைத்தது. நான் அக்காவின் கையை இழுத்து வயிற்றில் வைத்தேன். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் காரணமே இல்லாமல் வெகுநேரம் சிரித்தோம்.

மேஸ்திரி அப்போது ஊரில் இல்லை. வெகுதூரத்தில் ஒரு பாலம் வேலை. நான் விழுந்த அன்று ஓடி வந்து, இரவெல்லாம் வராந்தாவில் உட்கார்ந்துவிட்டு, காண்டிராக்டர் போன் மேல் போன் போட்டதால் திரும்பிப் போயிருந்தார். என் போன் லாரிக்கடியில் நசுங்கிவிட்டது. அக்காதான் அவளுடைய போனில் தினமும் சேதி சொல்வாள். கட்டிலைச் சாய்த்த அன்றும் சொன்னாள். "கட்டிலுக்குச் செங்கல் வச்சிருக்காங்கடா." அந்தப் பக்கம் கலவை மெஷின் இரைச்சலுக்கு மேல் அவர் கத்தியது எனக்கே கேட்டது. "தெரியும்க்கா. நம்ம பையன் ஒருத்தனுக்குத் தொடை ஒடிஞ்சப்போ நான்தானே கூட இருந்தேன். கால்மாட்டுல வைப்பாங்க. சாப்பிட்டாளா?" சாப்பிட்டாள் என்று அக்கா சொன்னாள். எங்கள் வீட்டில் போன் பேசினால் சாப்பாட்டைத் தாண்டிப் பேச்சு போகாது.

அவர் வந்தது வார லீவு அன்று, சாயங்காலப் பார்வை நேரத்தில். எனக்கு அன்று பகல் முழுக்கத் தொடையில் உயிர் போகிற வலி. ஊசி போட்டிருந்தார்கள், அடித்துப் போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தேன். வாசலில் தம்பியைப் பார்த்ததும் அக்காவுக்கு நிம்மதி. "ஊசி போட்டிருக்கு, எழுப்பிடாத. நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நாலு நாளாக அந்த ஆஸ்பத்திரிக் குழாயடியில் முகம் மட்டுமே கழுவிக்கொண்டிருந்தவள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு வராது.

மீதியைப் பக்கத்துக் கட்டில் டீச்சரம்மாதான் எனக்குப் பிறகு சொன்னாள். இடுப்பெலும்பு விரிசலோடு படுத்திருந்த பள்ளிக்கூட டீச்சர் அவள். எதையும் முதலிலிருந்து சொல்லாவிட்டால் அவளுக்குத் திருப்தி வராது.

மேஸ்திரி வந்து என் தலைமாட்டில் நின்றாராம். என் முகத்தைப் பார்த்தாராம். அப்புறம் கட்டிலைப் பார்த்தாராம். பிறகு வரிசையாக இருந்த மற்ற கட்டில்களையெல்லாம் பார்த்தாராம். செங்கல் வைத்த கட்டில் எல்லாவற்றுக்கும் அது கால்மாட்டில், என் கட்டிலுக்கு மட்டும் பக்கவாட்டில். "என்னம்மா இது, கூட்டித் துடைக்கும்போது மாத்தி வச்சிட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறார். டீச்சரம்மா அந்த வார்டுக்கு வந்ததே முந்தின நாள் ராத்திரிதான், அவளுக்கு என்ன தெரியும்? "இருக்கும் தம்பி. இங்க யாரு எதை ஒழுங்கா செய்யறாங்க?" என்றிருக்கிறாள். டாக்டர்கள் சண்டை போட்டதைப் பார்த்த மற்றவர்களுக்கும் கட்டிலை எதற்குச் சாய்த்தார்கள் என்று புரிந்திருக்கவில்லை. சிஸ்டரைத் தேடியிருக்கிறார். ஷிப்ட் மாறுகிற நேரம், மேஜையில் ஆள் இல்லை.

தோள்பையில் கரண்டி, தூக்குக்குண்டு, ரசமட்டம் எல்லாம் இருந்தன. வேலையிடத்திலிருந்து நேராக வந்தவர் ஆயிற்றே. எதிர்க் கட்டில்காரியின் மகனைக் கூப்பிட்டு ஒரு கை பிடிக்கச் சொல்லி, நான் அசையாதபடி, எடை ஆடாதபடி, கட்டிலை மெல்லத் தூக்கி வலப்பக்கச் செங்கல்களை உருவியிருக்கிறார். அவற்றைக் கால்மாட்டில் இரண்டு பக்கமும் சமமாக அடுக்கியிருக்கிறார். குறுக்கே ரசமட்டத்தை வைத்து, கண்ணாடிக் குழலுக்குள் குமிழி நடுவில் வந்து நிற்கிறதா என்று பார்த்திருக்கிறார். ஒரு மயிரிழை தள்ளி இருந்ததாம். அதற்கும் ஒரு சீட்டுக் காகிதத்தை மடித்து வைத்தாராம். "எனக்கு ஆச்சரியமா இருந்துச்சும்மா, ஒரு புருஷன் இப்படியா பார்த்துப் பார்த்துச் செய்வான்னு" என்று டீச்சரம்மா சொல்லிவிட்டு, அதற்கு மேல் சொல்ல முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதோடு விட்டாரா? வார்டே அவரைக் கூப்பிட்டிருக்கிறது. என் கட்டில் ஆடுது மேஸ்திரி, என் கட்டிலைக் கொஞ்சம் பாருங்க மேஸ்திரி என்று ஆளாளுக்குக் கேட்க, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறார். ஒருத்தி ஆரஞ்சு கொடுத்திருக்கிறாள். பார்வை நேரம் முடிய மணி அடித்ததும் திரும்பி வந்து என் வயிற்றில் கை வைத்தாராம். உள்ளே தடதடவென்று உதையாம். "அப்பா வந்தது தெரிஞ்சிடுச்சு பாருங்க, என்ன ஆட்டம் போடுது!" என்று எல்லோரிடமும் காட்டியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. "தூங்கிடுச்சு" என்று போர்வையைச் சரிசெய்துவிட்டுப் பஸ் பிடிக்கப் போனார்.

அக்கா திரும்பி வந்தபோது வார்டில் விளக்கை அணைத்திருந்தார்கள். நான் தூங்குவதைப் பார்த்துவிட்டு அவளும் தரையில் பாயை விரித்துப் படுத்துவிட்டாள். இரவு வந்த சிஸ்டர் எலும்பு வார்டில் பழம் தின்று கொட்டை போட்டவள். கால்மாட்டில் செங்கல் இருந்ததைப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று போனாள்.

விடிகிற நேரத்தில் விழிப்பு வந்தது. உடம்பு முழுக்க ஜில்லென்று வேர்வை, வாயில் குமட்டல், காதுக்குள் இரைச்சல். மோட்டுவளையைப் பார்த்தேன். சாய்ந்து தெரிகிற மோட்டுவளை அன்றைக்கு நேராகத் தெரிந்தது. ஏன் என்று புரிய எனக்கு நேரம் பிடித்தது.

"அக்கா! அக்கா, கல்லு எங்க?"

அவள் திடுக்கிட்டு எழுந்து குனிந்து பார்த்தாள். டீச்சரம்மா அந்தப் பக்கத்திலிருந்து சந்தோஷமாகச் சொன்னாள். "உங்க வீட்டுக்காரர்தாம்மா, கட்டில் கோணலா இருந்துதுன்னு நேராக்கிட்டுப் போனார்."

அக்காவின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். தரையில் உட்கார்ந்து, ஒற்றை ஆளாகக் கட்டிலைத் தோளால் முட்டித் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. யாராவது வாங்களேன் என்று கத்தினாள். கூட்டுகிற பெண் ஓடி வந்தாள். அவள்மேல் எப்போதும் மருந்து வாசனை அடிக்கும், வார்டில் அவளுக்குப் பினாயில் என்றே பெயர். இரண்டு பேரும் சேர்ந்து செங்கல்லை மறுபடி வலப்பக்கம் அடுக்கினார்கள். நான் சாய்ந்தேன். எனக்கு மூச்சு வந்தது. வயிற்றைத் தட்டினேன், அழுத்தினேன், குலுக்கினேன். "ஏய், எழுந்திரு. எழுந்திரு கண்ணு. அம்மா சாய்ஞ்சுட்டேன் பாரு" என்றேன். கல் மாதிரி கிடந்தது.

சிஸ்டர் துடிப்புக் கேட்கும் மெஷினைக் கொண்டுவந்து வயிறு முழுக்க வைத்துப் பார்த்தாள். கேட்டதெல்லாம் என் துடிப்புத்தான். மெஷினில் பேட்டரி சரியில்லை என்று சொல்லிவிட்டு வேறொன்று கொண்டுவந்தாள். அதிலும் என் துடிப்புத்தான். பிரசவ டாக்டர் வந்தபோது தலைகூட வாரியிருக்கவில்லை. ஸ்கேன் பார்த்தாள். இந்தத் தடவை திரையை என் பக்கம் திருப்பவே இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், "வேற மெஷின் இருக்கா டாக்டர்?" என்று கேட்டேன்.

ஒடிந்த காலோடு எப்படிப் பெற்றாய் என்று யாரும் என்னிடம் கேட்காதீர்கள். பெற்றேன். பெண் குழந்தை. மூக்கு அவருடையதுதான், அக்கா கேட்டபடியே. அழுகிற சத்தம் வராத பிரசவ அறை எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எனக்கு முன்பு தெரியாது. கழுவுகிறவள் பாத்திரத்தைக்கூட மெதுவாக வைத்தாள். நான் குழந்தையைத் துணியோடு வாங்கி மார்பில் வைத்துக்கொண்டு, உலகத்தில் இருக்கிற எல்லோரையும் திட்டினேன். லாரிக்காரனை, காண்டிராக்டரை, கடவுளை. அவரை மட்டும் திட்டவில்லை. அதை நேரில் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

திரும்ப வார்டுக்குக் கொண்டுவந்தபோது அக்கா என் நல்ல காலைப் பிடித்துக்கொண்டாள். "அவன்கிட்ட சொல்லிடாத. உன் காலா நினைச்சுக் கேக்கல, கடவுள் காலா நினைச்சுக் கேக்கறேன். தெரிஞ்சா அவன் உயிரோட இருக்க மாட்டான்."

"என் புள்ள உயிரோட இருக்காக்கா?" என்றேன். "சொல்லத்தான் போறேன். அவர் மூஞ்சிக்கு நேரா சொல்வேன். ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செஞ்சா என்னய்யா, எழுப்பிக் கேட்டா குறைஞ்சா போவீங்கன்னு கேப்பேன்." அவள் காலை விட்டுவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவர் வந்து சேருவதற்கு முன்பே பிரசவ டாக்டர் வார்டுக்கு வந்துவிட்டாள். கல் இடம் மாறியிருந்த சேதி அவள் காதுக்கு எட்டியிருந்தது. "கல்லை மாத்தினது யாரு? இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல என்னால முடியாது. குழந்தை ஏற்கெனவே ரொம்பத் தளர்ந்துதான் இருந்தது. ஆனா அந்தக் கல்லு அங்க இருந்திருக்கணும். யாரு எடுத்தது?"

ஆரஞ்சு கொடுத்தவள் ஜன்னலைப் பார்த்தாள். டீச்சரம்மா என்னைப் பார்த்தாள். தலைமை சிஸ்டர் தொண்டையைக் கனைத்தாள். அவளுக்கு அவள் கவலை. "கூட்டறவ எடுத்திருப்பா டாக்டர். இவங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும் ஏறாது." பினாயில் துடைப்பக்கட்டையைப் பிடித்தபடி நின்றாள். அன்று விடிகாலையில் என் கட்டிலை முட்டி போட்டுத் தூக்கியதில் அவளுடைய புறங்கை சிராய்த்திருந்தது, அதை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றேன். "சறுக்கிக்கிட்டே இருந்துச்சு. தாங்க முடியல. பார்க்க வந்தவங்ககிட்டச் சொல்லி எடுக்கச் சொன்னேன்."

டாக்டர் என்னை வெறித்துப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியாது. "அவ்வளவு சொன்னேனேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். ஒரு ஏழையின் பிழைப்பில் மண் விழக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். மேஸ்திரிக்கு இது என் வாயால் தெரிய வேண்டும், டாக்டர் வாயால் தெரியக் கூடாது என்கிற வீம்பும் இருந்தது.

அவர் வந்தார். நேராகப் பிணவறைக்குப் போய்க் குழந்தையை வாங்கி, தானே மடியில் வைத்துக்கொண்டு போய், தானே குழி தோண்டிப் புதைத்துவிட்டு, டாக்டரைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். நகக்கண்ணில் மண் இருந்தது. உட்காரவில்லை. நான் நாளெல்லாம் தீட்டி வைத்திருந்த வார்த்தை நாக்கு நுனியில் நின்றது.

"ஏன் சொன்னபடி படுக்கல?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"எதனாலன்னு கேட்டேன். டாக்டரம்மா சொல்லவே மாட்டேன்னாங்க. ரொம்பக் கேட்ட பிறகு சொல்றாங்க, இடது பக்கம் சாய்ஞ்சே இருக்கணும்னு சொல்லியிருந்தோம், உங்க வீட்டுக்காரம்மாவுக்கு முடியல, மல்லாந்துட்டாங்கன்னு. அவங்களைத் திட்டாதீங்கன்னு வேற சொல்றாங்க." அவர் குரல் உடைந்தது. "புள்ளைக்காக ஒரு மாசம் பொறுத்துக்க முடியலையாடி உன்னால? ஒரு பக்கமா சாய்ஞ்சு கிடக்கறது அவ்வளவு கஷ்டமா?"

அக்கா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். இதோ இப்போது புரிந்துவிடும், இதோ இப்போது புரிந்துவிடும் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நின்ற இடத்தில், அவருடைய காலுக்குப் பக்கத்திலேதான் செங்கல் இருந்தது. அந்தக் கட்டில் அப்போது நேராகத்தான் கிடந்தது. குழந்தை இல்லாத வயிற்றுக்கு எதற்குச் சாய்வு, கால்மாட்டில் வைத்துவிட்டிருந்தார்கள். சாய்ந்து படுப்பது என்றால் ஆள் திரும்பிப் படுப்பது என்றுதான் அவருக்குத் தெரியும். கட்டிலையே சாய்ப்பார்கள் என்று எந்தக் கொத்தனாருக்குத் தோன்றும்?

"நான் வந்த அன்னிக்குக் கூட" என்றார், இப்போது அழுதுகொண்டே, "எவனோ கண்டபடி வச்சிருந்த கட்டிலை நேராக்கி, நீ நிம்மதியா தூங்கட்டும்னு பார்த்துப் பார்த்துச் சரிபண்ணிட்டுப் போனேனே. அப்போகூட உள்ள நல்லா ஆடிச்சே. அதுக்கப்புறம்தானே நீ என்னமோ பண்ணிக் கெடுத்துட்ட."

வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பது சத்தியம். அவரைக் கொன்றுபோட வேண்டும் போல இருந்தது. அவர்மேல் ஒரு தூசி படக் கூடாது என்றும் இருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அந்த மனுஷன் இனி ஒரு கல்லை எடுத்து இன்னொரு கல்லின் மேல் வைக்க மாட்டார். அந்தக் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டு மூலையில் உட்கார்ந்திருப்பார், நான் அவருக்குச் சோறு ஊட்ட வேண்டும், தூக்குப் போட்டுக்கொள்ளாமல் காவல் காக்க வேண்டும். என் பிள்ளைக்கு அழவே எனக்குத் தெம்பில்லை. அவருக்கும் சேர்த்து அழ நான் எங்கே போவேன்?

"ஆமா" என்றேன். "தப்புப் பண்ணிட்டேன்."

அவர் திரும்பிப் பார்க்காமல் போனார். அக்கா வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது, தள்ளவில்லை.

பல நாள் அவர் வரவில்லை. கால் ஆபரேஷனுக்குக் கையெழுத்து அக்காதான் போட்டாள். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாக வலித்தபோது பினாயில்தான் ராத்திரியும் பகலும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். ஏன் இப்படிப் பழியை வாங்கிக்கொண்டாய் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வார்டில் இருந்த ஒவ்வொருத்திக்கும் விஷயம் தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். அந்த வார்டு மூடிக்கொண்டது. அவரை மெச்சிய வாய்கள் ஆயிற்றே, எப்படித் திறக்கும்?

ஒரு சாயங்காலம் அவர் வந்தார். சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். இளைத்துப் போயிருந்தார்.

"ரொம்ப யோசிச்சேன்" என்றார். "பெத்தவ வேணும்னா செய்வா? வலி தாங்காமத்தானே செஞ்ச. நான்தான் பேசக் கூடாததெல்லாம் பேசிட்டேன். போனது போகட்டும். நான் உன்னை மன்னிச்சுட்டேன். சத்தியமா மன்னிச்சுட்டேன். இனிமே சாகற வரைக்கும் இதைப் பத்தி ஒரு வார்த்தை உன்னைக் கேக்க மாட்டேன்."

டீச்சரம்மா போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். அக்கா தண்ணீர் பிடிக்கப் போவதுபோலக் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அவர் என் பதிலுக்காக, அடிபட்ட குழந்தை மாதிரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குப் பெரிய மனசு" என்றேன்.

அவர் என் கையை எடுத்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டு, வார்டே கேட்கும்படி அழுதார்.